வீட்டுக் கணினியில் ரியல்-டைம் கர்னல்: ஒலிப்பதிவுக்காக லினக்ஸ் 6.12 கம்பைல் செய்தல் – நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினி பழையது. 2012-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-3470, நான்கு கோர், நான்கு த்ரெட். எச்61 சிப்செட் போர்டு. 8 ஜிபி டிடிஆர்3 ராம். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அலுவலகங்கள் கழித்துவிட்டு, செகண்ட்ஹேண்ட் கடைகளில் குறைந்த விலைக்கு வரும் ரகம். அதில் உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்), கூடவே வந்த 6.8 கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்). வேலை, வீட்டிலேயே பாட்டுப் பதிவு: யுஎஸ்பி 2.0 ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, ஆர்டோர் மென்பொருள்.

கோளாறு இது. பாடுகிறவர் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டபடியே பாட வேண்டுமானால், ஒலித் தரவைச் சேர்த்துவைக்கும் பஃபர் சின்னதாக இருக்க வேண்டும். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 1024 ஃபிரேம் பஃபர் என்றால் 21 மில்லிநொடிக்கு மேல். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று சேரும்போது குரல் பின்தங்கி ஒலிப்பது காதுக்குத் தெரிந்துவிடும். 64 ஃபிரேம் என்றால் 1.33 மில்லிநொடி. அந்த அளவில் வைத்தால் பதிவின் நடுவே 'டிக்' என்று வெட்டு விழுகிறது. உலாவியில் ஒரு பக்கம் திறந்தால் விழுகிறது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் விழுகிறது. இதற்கு எக்ஸ்ரன் என்று பெயர்: ஆடியோ த்ரெடுக்கு (ஆடியோவைக் கவனிக்கும் நிரல் இழைக்கு) 1.33 மில்லிநொடிக்குள் கிடைத்திருக்க வேண்டிய சிபியு முறை கிடைக்கவில்லை. ப்ராசஸருக்கு வேகம் போதாமல் இல்லை. சிபியு மீட்டரில் 15 சதவீதம் காட்டும்போதும் இது நடக்கும். சராசரித் தாமதம் நன்றாக இருந்தாலும், எப்போதாவது ஒருமுறை வரும் உச்சத் தாமதம் எல்லையைத் தாண்டுகிறது. அந்த உச்சத்தைக் குறைக்கக் கர்னலின் உள்ளமைப்பில் கைவைக்க வேண்டும்.

உபுண்டுவின் சாதாரணக் கர்னல் தன் வேலையொன்றின் நடுவில் இருக்கும்போது, அதைவிட அவசரமான த்ரெட் காத்திருந்தாலும், குறிப்பிட்ட சில இடங்களுக்கு வந்த பிறகே சிபியுவை விட்டுக்கொடுக்கும். பிரீஎம்ப்ட்_ஆர்டி என்ற தெரிவோடு கட்டிய கர்னலில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் (கிடைக்கும்வரை சிபியுவை விடாமல் காத்திருக்கவைக்கும் பூட்டுகள்) இடையில் நிறுத்தக்கூடிய பூட்டுகளாக மாறிவிடும். இன்டரப்டுகளை (கருவிகள் சிபியுவைக் கூப்பிடும் குறுக்கீடுகளை) கவனிக்கும் நிரல்கள் தனித்தனி த்ரெடுகளாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை வைக்கலாம். இன்கோ மோல்னார், தாமஸ் க்ளெய்க்ஸ்னர் முதலியோர் முன்னெடுத்த இந்த வேலை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதிகாரபூர்வ மூலநிரலுக்கு வெளியே தனிப் பேட்ச்சாகவே (மேலே ஒட்டும் திருத்தமாகவே) வளர்ந்தது. 2024 நவம்பர் 17-இல் வெளிவந்த 6.12-இலிருந்துதான் 64-பிட் எக்ஸ்86 கணினியில் எந்தப் பேட்ச்சும் ஒட்டாமல் மெனுவில் தேர்ந்தெடுத்தே இதைக் கட்ட முடிகிறது. 6.12 நீண்டகாலப் பராமரிப்பு வரிசை என்பதும் வீட்டுக்காரருக்குச் சாதகம்.

கம்பைலுக்கு (மூலநிரலிலிருந்து கர்னலைக் கட்டுவதற்கு) முன்பு செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உபுண்டுவின் கர்னல் பூட் ஆகும்போதே பிரீஎம்ப்ஷன் முறையை (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலைக்கு இடம் விடும் விதத்தை) மாற்ற இடம் கொடுக்கிறது. கிரப் (கர்னலைத் தேர்ந்து ஏற்றும் பூட் நிரல்) மெனுவில் (மெனு வராவிட்டால் அடுத்த பகுதியில் சொல்லும் மாற்றத்தை முதலில் செய்யவும்) 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'பிரீஎம்ப்ட்=ஃபுல் த்ரெட்ஐஆர்க்யூஸ்' என்று சேர்த்து ஒருமுறை பூட் செய்தால் போதும். பலருக்கு 128 ஃபிரேம்வரை இதுவே தாங்கும். தாங்கினால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. சொந்தக் கர்னல் வைத்திருப்பவர் அதன் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வில் இலக்கு 64 ஃபிரேம் என்பதால் அடுத்த கட்டத்துக்குப் போகிறோம்.

(கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாம் இங்கே ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்திலும், கான்ஃபிக் தெரிவுகள், மாறிகளின் பெயர்களைப் பெரிய எழுத்திலும் அடிக்க வேண்டும்.)

திரும்பி வர வழி

மூலநிரலைத் தொடும் முன்பே, பழைய கர்னலுக்குத் திரும்பும் வழியைச் சரிசெய்துவிட வேண்டும். உபுண்டுவில் கிரப் மெனு மறைந்தே இருக்கும். '/இடிசி/டீஃபால்ட்/கிரப்' கோப்பில் டைம்அவுட்_ஸ்டைல் என்பதை 'மெனு' என்றும், டைம்அவுட்டை 5 என்றும், டீஃபால்ட்டை 'சேவ்ட்' என்றும் மாற்றி 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'சேவ்ட்' என்று போட்டுவிட்டு எதையும் சேமிக்காமல் விட்டால் கிரப் பட்டியலின் முதல் பதிவையே எடுக்கும். புதிய கர்னலின் எண் பெரியது என்பதால் முதல் இடத்தில் அதுதான் நிற்கும். ஆகவே 'கிரப்-செட்-டீஃபால்ட்' கட்டளையால் பழைய 6.8 பதிவைச் சேமித்துவிட வேண்டும். புதிய கர்னலைச் சோதிக்கும்போது 'கிரப்-ரீபூட்' கட்டளைக்கு அதன் பதிவுப் பெயரைக் கொடுத்தால், அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் அது வரும். திரை உறைந்துபோனால் பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டால் பழைய கர்னல் தானாக எழும். '/பூட்' (கர்னல் கோப்புகள் இருக்கும் கோப்புறை) எல்விஎம் என்ற வட்டுப் பகிர்வு முறையிலோ பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலோ இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்காது. கிரப்பால் அங்கே தன் குறிப்பை அழித்து எழுத முடியாததால் 'ஒருமுறை மட்டும்' என்பது ஒவ்வொரு முறையும் ஆகிவிடும்.

புதிய கணினிகளில் செக்யூர் பூட் இயங்கினால், நாம் கட்டிய கர்னலில் கையொப்பம் இல்லாததால் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று கிரப் மறுத்துவிடும். ஃபர்ம்வேரில் அதை அணைக்கலாம்; அல்லது சொந்தச் சாவியை 'மாக்யூட்டில்' கொண்டு பதிந்து 'எஸ்பிசைன்' கொண்டு கையொப்பமிடலாம். இங்கே உள்ள பழைய போர்டில் அந்தப் பேச்சே இல்லை.

கருவிகளும் மூலநிரலும்

நிறுவ வேண்டிய பொதிகள்: பில்ட்-எசென்ஷியல், லிப்என்கர்சஸ்-டெவ், பைசன், ஃப்ளெக்ஸ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், பிசி, ட்வார்வ்ஸ், ஆர்சிங்க், கேமாட், சிபிஐஓ, இசட்எஸ்டிடி, டெப்ஹெல்பர். ஏதாவது விட்டுப்போனால் டெப் பொதி கட்டும் கட்டளையே 'அன்மெட் பில்ட் டிபென்டென்சீஸ்' என்று பெயரோடு சொல்லும்.

கர்னல்.ஆர்க் தளத்திலிருந்து 6.12 வரிசையின் அண்மைய புள்ளி வெளியீட்டை (சிறு திருத்தப் பதிப்பை) எடுக்க வேண்டும். சுருக்கிய கோப்பு 150 எம்பிக்குச் சற்று முன்பின். விரித்தால் ஒன்றரை ஜிபி அளவுக்கு வரும். கூடவே உள்ள 'சைன்' கோப்பையும் இறக்க வேண்டும். கையொப்பம் இடப்பட்டிருப்பது எக்ஸ்இசட் கோப்பின் மேல் அல்ல, சுருக்கம் நீக்கிய டார் கோப்பின் மேல். நேரடியாகச் சரிபார்க்கப் போனால் 'பேட் சிக்னேச்சர்' வருவது இதனால்தான். 'எக்ஸ்இசட் -சிடி' கொண்டு விரித்து, குழாய் வழியாக 'ஜிபிஜி --வெரிஃபை'க்கு அனுப்ப வேண்டும். 'குட் சிக்னேச்சர்' வந்தால் சரி. சாவி சான்றளிக்கப்படவில்லை என்று அதன்கீழ் வரும் எச்சரிக்கை இயல்பானது.

விரிக்கும் இடம் எக்ஸ்ட்4 வட்டாக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் சிம்பாலிக் லிங்க் போட முடியாது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றென்று கொள்ளும் கோப்பு முறைமையிலும் ஆகாது. நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தளவில் மட்டும் வேறுபடும் கோப்புகள் ஒன்றையொன்று மேலெழுதிவிடும். பாதையில் இடைவெளி இருந்தால் மேக் முதல் வரியிலேயே நின்றுவிடும். 'மை ப்ராஜெக்ட்ஸ்' மாதிரிப் பெயர் வேண்டாம்.

கான்ஃபிக்: வேலையின் பெரும்பகுதி இங்கேதான்

கம்பைல் என்பது கணினி செய்யும் வேலை. ஆள் செய்யும் வேலை, கர்னலின் தெரிவுகளைக் கொண்ட '.கான்ஃபிக்' கோப்பில் இருக்கிறது. கர்னல் கட்டப்போய்த் தோற்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்கிறார்கள்: பதிப்பை மாற்றுகிறார்கள், டிரைவர்களை வெட்டுகிறார்கள், புதிய அம்சத்தைச் சேர்க்கிறார்கள். பூட் ஆகவில்லை என்றால் மூன்றில் எது காரணம் என்று சொல்ல முடியாது. இந்த ஆய்வில் இரண்டு கர்னல் கட்டப்படுகிறது. முதலாவது, பதிப்பு மாறி, டிரைவர்கள் குறைந்த கர்னல், ஆர்டி (ரியல்-டைம், அதாவது பிரீஎம்ப்ட்_ஆர்டி) கிடையாது. அது எல்லாக் கருவிகளோடும் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, ஆர்டியை மட்டும் சேர்த்து இரண்டாவது. இரண்டுக்கும் 'லோக்கல்வெர்ஷன்' தெரிவில் '-வீடு1', '-வீடு2' என்று வேறு வேறு பெயர். பெயர் வேறாக இருந்தால் '/லிப்/மாட்யூல்ஸ்' கீழே மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏறும் கர்னல் துண்டுகள், பெரும்பாலும் டிரைவர்கள்) தனித்தனிக் கோப்புறையில் நிற்கும். ஒரே பெயரில் மறுபடி கட்டி நிறுவினால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் காலடியிலேயே மாட்யூல்கள் மாறிவிடும். அடுத்து ஏற்றப்படும் மாட்யூல் 'டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்' என்று திரும்பிவிடும்.

தொடக்கம்: இப்போது ஓடும் கர்னலின் கான்ஃபிக்கை '/பூட்' கோப்புறையிலிருந்து நகலெடுத்து '.கான்ஃபிக்' என்று வைக்க வேண்டும். பிறகு 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்'. 6.8-க்குப் பிறகு வந்த தெரிவுகளுக்கு அது இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். எவையெவை புதியவை என்று பார்க்க விரும்பினால், அதற்கு முன் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்'.

அடுத்தது 'லோக்கல்மாட்கான்ஃபிக்'. உபுண்டுவின் கான்ஃபிக் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்குமானது. மாட்யூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நான்கு கோர் பழைய ப்ராசஸரில் அதை முழுதாகக் கட்ட மணிக்கணக்கில் ஆகும். லோக்கல்மாட்கான்ஃபிக், அந்த நிமிடம் 'எல்எஸ்மாட்' பட்டியலில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அணைத்துவிடும். பெரும்பாலும் நூறு இருநூறு மாட்யூல்தான் மிஞ்சும். கம்பைல் நேரம் இருபது முப்பது நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

'அந்த நிமிடம்' என்பதில்தான் ஆபத்து. செருகாத கருவிக்கு டிரைவர் மிஞ்சாது. ஆகவே கட்டளையைக் கொடுக்கும் முன்பு, இந்தக் கணினியில் என்றாவது செருகப்போகும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகி, பயன்படுத்தவும் வேண்டும். பென்டிரைவைத் திறக்க வேண்டும். யுஎஸ்பி_ஸ்டோரேஜ், யுஏஎஸ், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்3 அப்போதுதான் ஏறும். கைப்பேசியில் யுஎஸ்பி டெதரிங் போட்டுப் பார்க்க வேண்டும். ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் அல்லது சிடிசி_ஈதர் ஏறும். வெப்கேமில் படம் வரவேண்டும், மிடி கீபோர்டில் ஒரு ஸ்வரமாவது வாசிக்க வேண்டும், விபிஎன் இணைய வேண்டும், ஃபயர்வால் இயங்க வேண்டும். நான்கைந்து நாள் வழக்கமான வேலையின் நடுவே அவ்வப்போது எல்எஸ்மாட் வெளியீட்டை ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டே வருவது இன்னும் நல்ல வழி. அந்தக் கோப்பின் பாதையை 'எல்எஸ்மாட்=' என்று மேக் கட்டளையோடு கொடுத்தால் நடப்புப் பட்டியலுக்குப் பதில் அதைப் படிக்கும். ஒரே பெயர் பலமுறை வந்தாலும் பாதகமில்லை. மொத்தக் கோப்புறைகளையே காப்பாற்ற 'எல்எம்சி_கீப்' மாறி இருக்கிறது: 'டிரைவர்ஸ்/யுஎஸ்பி:சவுண்ட்/யுஎஸ்பி:எஃப்எஸ்' என்று கொடுத்தால் அவற்றின் கீழுள்ள எதையும் அது தொடாது. வீட்டுக் கணினிக்கு இந்த மூன்றும் கட்டாயம் என்றே சொல்லலாம். கம்பைல் நேரம் சில நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்து மூன்று சின்னத் திருத்தங்கள். மூலநிரலோடு வரும் 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்' கருவியால் செய்யலாம்.

ஒன்று, சான்றிதழ்ப் பாதை. உபுண்டு கான்ஃபிக்கில் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் என்ற இரண்டும் 'டெபியன்' கோப்புறையில் உள்ள கனோனிக்கல் சான்றிதழ்க் கோப்புகளைக் காட்டும். உபுண்டுவின் சொந்த மூலநிரலில் அவை உண்டு, கர்னல்.ஆர்க் மூலநிரலில் இல்லை. விட்டுவைத்தால் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று கம்பைல் நிற்கும். இரண்டையும் வெற்றுச் சரமாக மாற்ற வேண்டும்.

இரண்டு, டீபக் தகவல் (பிழை தேட உதவும் கூடுதல் தரவு). இதை விட்டால் கட்டும் கோப்புறை பல மடங்கு வீங்கும், இறுதி இணைப்பின்போது 8 ஜிபி ராம் திணறும். பழைய குறிப்புகளில் 'டீபக்_இன்ஃபோ'வை அணைக்கச் சொல்லியிருக்கும். அது இப்போது வேலைக்கு ஆகாது. 5.18-லிருந்து அது ஒரு தேர்வுக் குழுவின் விளைவு. நேரடியாக அணைத்தால் ஓல்டுடெஃப்கான்ஃபிக் மறுபடி ஏற்றிவிடும். 'டீபக்_இன்ஃபோ_நன்' என்பதை ஏற்றி, ஏற்கெனவே ஏறியிருக்கும் ட்வார்ஃப் (டீபக் தகவலின் வடிவம்) தெரிவை அணைக்க வேண்டும். இத்தோடு பிடிஎஃப் தகவலும் போய்விடும். அதை நம்பும் சில பிபிஎஃப் கருவிகள் (கர்னலை உள்ளிருந்து கண்காணிப்பவை) ஓடாது. பாட்டுப் பதிவுக் கணினிக்கு அது இழப்பல்ல.

மூன்று, லோக்கல்வெர்ஷன்.

முடித்ததும் மறுபடி ஒருமுறை ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டி, பிறகு '.கான்ஃபிக்' கோப்பில் 'கிரெப்' (சொல் தேடும் கட்டளை) போட்டுப் பார்க்க வேண்டும். சார்புகள் நிறைவேறாத தெரிவை அது ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கிவிடும். ஏற்றினோம் என்பது போதாது. நின்றதா என்று பார்த்தாக வேண்டும்.

கட்டுவது

'மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி'. வெளியீட்டை 'டீ' மூலம் ஒரு கோப்பிலும் எழுதிக்கொள்ளவும். நான்கு வேலை ஒரே நேரத்தில் ஓடுவதால், பிழை வந்த பிறகும் மற்ற மூன்றும் பல வரிகளைக் கொட்டிவிட்டுத்தான் நிற்கும். கடைசி வரியில் உண்மையான பிழை இருக்காது. பதிவுக் கோப்பில் மேல்நோக்கி 'எரர்' என்று தேட வேண்டும். அல்லது '-ஜே1' என்று மறுபடி ஓட்டினால் பிழை நேராக வந்து நிற்கும்.

நிற்கும் விதங்களைப் பார்த்தே காரணத்தைப் பிரிக்கலாம். 'கில்ட்' என்ற சொல்லோடு கம்பைலர் செத்தால் நினைவகம் தீர்ந்திருக்கிறது. உலாவியை மூடிவிட்டு '-ஜே2' போடலாம். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வந்து, மறுபடி ஓட்டும்போது வேறொரு கோப்பில் நின்றால் மூலநிரலைச் சந்தேகிக்க வேண்டாம். ராம் அல்லது சூடு. ஒரே உள்ளீட்டுக்குக் கம்பைலர் இருவிதமாக நடந்துகொள்ளாது. மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி ஓடட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பத்தாண்டு பழைய கணினியின் ஹீட்சிங்கில் பேஸ்ட் காய்ந்து கிடக்கும். கர்னல் பதிவில் 'சிபியு க்ளாக் த்ராட்டில்ட்' என்று வரிகள் வந்தால் அதைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் தடவிய பிறகே மேலே போக வேண்டும்.

கரண்ட் போனால்? மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நின்ற நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த '.ஓ' கோப்புகள் பூஜ்யம் பைட்டோடு கிடக்கலாம். அவை முடிந்துவிட்டன என்று மேக் நினைத்துக்கொள்ளும், கடைசி இணைப்பில் 'ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்ட்' என்று வரும். 'ஃபைண்ட்' கட்டளையால் பூஜ்ய அளவுள்ள '.ஓ' கோப்புகளைத் தேடி நீக்கிவிட்டுத் தொடர்ந்தால் போதும். எல்லாவற்றையும் 'மேக் க்ளீன்' செய்ய வேண்டியதில்லை.

முடிந்ததும் மேல் கோப்புறையில் டெப் பொதிகள் நிற்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டையும் 'டிபிகேஜி -ஐ' கொண்டு நிறுவினால் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) கிரப் பதிவும் தாமாக உண்டாகும். லினக்ஸ்-லிப்சி-டெவ் பொதியைத் தொட வேண்டாம்.

முதல் கர்னல்: வந்தது, ஆனால் ஒலி இல்லை

லோக்கல்மாட்கான்ஃபிக்கை, எல்எம்சி_கீப் கொடுக்காமல், ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகாத நேரத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை விரிவாகப் பார்ப்பது பயன்படும். வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கணினி ஒழுங்காக பூட் ஆகிறது. டெஸ்க்டாப் வருகிறது. இன்டர்ஃபேஸைச் செருகினால் அதன் விளக்கு எரிகிறது. 'எல்எஸ்யுஎஸ்பி' பட்டியலில் பெயரும் இருக்கிறது. ஆனால் 'ஏரெக்கார்ட் -எல்' கொடுத்தால் போர்டில் உள்ள ஒலிச்சில்லை மட்டும் காட்டுகிறது. கேபிளைச் சந்தேகிப்பதில் நேரம் போகும். பார்க்க வேண்டியது 'எல்எஸ்யுஎஸ்பி -டி'. கிளை கிளையாக விரியும் அந்தப் படத்தில், ஆடியோ வகுப்பு என்ற வரிகளின் டிரைவர் இடத்தில் 'நன்' என்றோ வெறுமையாகவோ இருக்கும். யுஎஸ்பி அடுக்கு கருவியைக் கண்டுகொண்டது. ஏற்க டிரைவர் இல்லை. 'மாட்புரோப் எஸ்என்டி_யுஎஸ்பி_ஆடியோ' கொடுத்தால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று உறுதியாகிவிடும்.

தீர்வு: மெனுகான்ஃபிக்கில் டிவைஸ் டிரைவர்ஸ், சவுண்ட் கார்டு சப்போர்ட், அல்சா, யுஎஸ்பி சவுண்ட் டிவைசஸ் என்று இறங்கி, யுஎஸ்பி ஆடியோ/மிடி டிரைவரை 'எம்' ஆக்க வேண்டும். மாறிய பகுதி மட்டுமே மறுபடி கட்டப்படுவதால் சில நிமிடத்தில் முடியும்.

பூட்டே ஆகாமல் நிற்பது வேறு வகை. 'அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)' என்று வந்தால் அடைப்புக்குள் இருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். இரண்டும் பூஜ்யம் என்றால் கர்னலுக்கு வட்டே தெரியவில்லை: இனிட்ராம்எஃப்எஸ் உண்டாகவில்லை, அல்லது ஏஎச்சிஐ (சாட்டா வட்டு) டிரைவர் போய்விட்டது. (8,1) போல எண் இருந்தால் வட்டு தெரிகிறது, அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் போய் நின்று 'டஸ் நாட் எக்சிஸ்ட்' என்று யுயுஐடியைக் காட்டினால், அங்கேயே '/ப்ராக்/மாட்யூல்ஸ்' கோப்பைப் படித்து ஏஎச்சிஐ ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது கர்னல்: ஆர்டி

'எக்ஸ்பர்ட்' தெரிவை ஏற்றாதவரை பிரீஎம்ப்ட்_ஆர்டி மெனுவில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே எக்ஸ்பர்ட், பிரீஎம்ப்ட்_ஆர்டி இரண்டையும் ஏற்றி, பிரீஎம்ப்ட்_வாலன்டரியை அணைத்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக், பிறகு கிரெப். டைமர் வேகத்தை 1000 ஹெர்ட்ஸ் ஆக்கலாம். ஹை-ரெசல்யூஷன் டைமர் இருக்கும்போது ஆடியோவுக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. பிரீஎம்ப்ஷன் மாறினால் ஏறக்குறைய எல்லாக் கோப்பும் மறுபடி கட்டப்படும். டிரைவர்களை முதலிலேயே குறைத்துவைத்ததன் பலன் இங்கே தெரியும். என்விடியாவின் தனியுரிம டிரைவர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: அதன் மாட்யூல் ஆர்டி கர்னலைக் கண்டால் இயல்பாகவே கட்ட மறுக்கும்.

பூட் ஆனதும் 'யூநேம் -வி' வரியில் 'பிரீஎம்ப்ட்_ஆர்டி' இருக்க வேண்டும். அதன் பிறகு அளப்பது. ஆர்டி-டெஸ்ட்ஸ் பொதியில் உள்ள 'சைக்ளிக்டெஸ்ட்' கருவியை '-எம் -எஸ் -பி 90 -ஐ 200' என்று (எம், பி, ஐ சின்ன எழுத்து, எஸ் பெரிய எழுத்து) குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். சும்மா இருக்கும் கணினியில் அளப்பதில் பொருளில்லை. பக்கத்திலேயே கர்னலை '-ஜே4' வைத்து மறுபடி கம்பைல் செய்யவிட்டால் அதைவிட நல்ல சுமை வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது 'மேக்ஸ்' மதிப்பு மட்டும், அளவு மைக்ரோநொடியில். பழைய கர்னலிலும் இதே சோதனையை இதே சுமையில் ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 64 ஃபிரேமுக்கு எல்லை 1,333 மைக்ரோநொடி; ஆடியோவைக் கணக்கிடும் நேரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால் உச்சம் 100, 200-க்குள் நிற்பதே நிம்மதி.

ஒரு நுணுக்கம். சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது '/டெவ்/சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி' கோப்பைத் திறந்து பூஜ்யம் எழுதி, ப்ராசஸர் ஆழ்ந்த சி-ஸ்டேட் உறக்கத்துக்குப் போகாமல் தடுத்துவிடுகிறது. ஆர்டோர் ஓடும்போது அந்தத் தடை இல்லாவிட்டால், அளந்ததைவிட நிஜம் மோசமாக இருக்கும். '--லேப்டாப்' என்ற தெரிவோடு ஓட்டினால் அந்தத் தடையில்லாமல் அளக்கும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், சிபியு கவர்னரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி, ஆர்டோரின் அமைப்பில் சிபியு டிஎம்ஏ லேட்டன்சியையும் குறைத்துவைக்க வேண்டும்.

ஆர்டி வந்த பிறகும் 'டிக்' நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் குற்றம் கர்னலில் இல்லை. முதலில் 'யூலிமிட் -ஆர்' பார்க்கவும். பூஜ்யம் என்றால் பயனருக்கு ரியல்-டைம் முன்னுரிமை கேட்கும் உரிமையே நேரடியாக இல்லை. '/இடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.டி' கீழே ஒரு கோப்பில் ஆடியோ குழுவுக்கு 'ஆர்டிபிரையோ 95', 'மெம்லாக் அன்லிமிடெட்' என்று எழுதி, பயனரைக் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும்.

அடுத்தது இன்டரப்ட் த்ரெடுகள். ஆர்டி கர்னலில் எல்லா ஐஆர்க்யூ (இன்டரப்ட்) த்ரெடும் 50 என்ற ஒரே முன்னுரிமையில் பிறக்கும். எச்61 போர்டில் யுஎஸ்பியைக் கவனிப்பது இஎச்சிஐ (யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலர்). 'பிஎஸ்' பட்டியலில் 'ஐஆர்க்யூ' என்று தொடங்கி 'இஎச்சிஐ_எச்சிடி' என்று முடியும் த்ரெடுகள் அவை. ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகியிருக்கும் பஸ்ஸின் த்ரெடை 'சிஎச்ஆர்டி -எஃப் -பி 85' என்று உயர்த்தி, ஆடியோ மென்பொருளை அதற்குக் கீழே 70 அளவில் வைக்க வேண்டும். தரவைக் கொண்டுவரும் த்ரெட் பின்னால் நின்றால், அதைப் பயன்படுத்தும் த்ரெட் முன்னால் நின்று பலனில்லை. '/ப்ராக்/இன்டரப்ட்ஸ்' பட்டியலில் அதே எண்ணை வேறு கருவியும் பகிர்ந்துகொண்டால் இன்டர்ஃபேஸை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். முன்பக்கப் போர்ட்டும் பின்பக்கப் போர்ட்டும் பல போர்டுகளில் வேறு வேறு கன்ட்ரோலரில் இருக்கும்.

இதற்கும் அடங்காமல் எப்போதாவது நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி எகிறினால் 'எச்டபிள்யூலாட்டிடெக்ட்' ஓட்ட வேண்டும். அது இன்டரப்டுகளை நிறுத்திவைத்துக் கடிகாரத்தைத் தொடர்ந்து படிக்கும். அப்போதும் இடைவெளி விழுந்தால், சிபியுவைப் பிடுங்கிக்கொண்டது பயாஸ். எஸ்எம்ஐ என்ற இந்த இன்டரப்டைக் கர்னலால் பார்க்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. பயாஸில் 'யுஎஸ்பி லெகசி சப்போர்ட்'டை அணைப்பது சில போர்டுகளில் உதவும். அதுவும் உதவாவிட்டால் 128 ஃபிரேமோடு சமாதானம் ஆகிவிட வேண்டும். அந்தப் போர்டில் எந்தக் கர்னல் கட்டினாலும் பலனில்லை.

பராமரிப்பு

'ஆப்ட்' இனி இந்தக் கர்னலைப் புதுப்பிக்காது. உபுண்டுவின் 6.8-க்குப் புதுப்பிப்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கணினி 6.12-இல் ஓடும்போது அந்தத் திருத்தங்களால் பயனில்லை. 6.12 வரிசையில் புள்ளி வெளியீடுகள் அடிக்கடி வருகின்றன. புதியதை இறக்கி, கையொப்பம் பார்த்து, பழைய '.கான்ஃபிக்'கை உள்ளே வைத்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக், பின்டெப்-பிகேஜி. ஒரே வரிசைக்குள் தெரிவுகள் அதிகம் மாறாது என்பதால் கேள்வியில்லாமல் முடியும். இணையத்தில் நாள்முழுதும் இருக்கும் கணினிக்கு மாதம் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். பதிவு நேரத்தில் மட்டும் ஆர்டி கர்னலில் பூட் செய்து, மற்ற நேரம் உபுண்டுவின் கர்னலிலேயே இருப்பது இன்னும் பொருத்தமான ஏற்பாடு. கிரப்பில் பழையதை இயல்பாக வைத்தது இதற்கும் உதவும்.

பழைய சொந்தக் கர்னல்களை 'ஆப்ட் பர்ஜ்' கொண்டு அதே லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் பெயர்களால் நீக்கலாம். கோப்புகளைக் கையால் அழித்தால் கிரப் பதிவும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் அநாதையாக நிற்கும். உபுண்டுவின் கர்னல் ஒன்றாவது எப்போதும் கணினியில் இருக்கட்டும். வேலை செய்யும் '.கான்ஃபிக்'கின் நகலை மூலநிரல் கோப்புறைக்கு வெளியே, பதிப்பு எண்ணோடு சேமித்துவைக்கவும். 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' என்ற கட்டளை அதையும் சேர்த்தே துடைத்துவிடும்.